தாய்ப்பால் நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும், மூணாவது நாள் ராத்திரி யாரைக் கூப்பிடணும்னுதான் தெரியல

தமிழ்நாட்டுல இப்போ வீட்டுல பிரசவம் நடந்தா அது நியூஸ். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு (என்எஃப்எச்எஸ் 5) கணக்குப்படி இங்க 99.6% பிரசவம் ஆஸ்பத்திரிலதான் நடக்குது, வேற பல மாநிலம் இதைப் பார்த்து பொறாமைப்படணும். ஆனா அதே ஆய்வுல பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடிச்ச குழந்தைங்க எவ்ளோன்னு பார்த்தா சுமார் 60%தான் வருது. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்குற குழந்தைங்கள்ல தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறவங்க சுமார் 55%. இதுல இந்திய சராசரி 63.7%. அதாவது ஆஸ்பத்திரி, டாக்டர், நர்ஸ்னு எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிற நாம இந்த ஒரு விஷயத்துல நாட்டோட சராசரிக்கும் கீழ நிக்கிறோம்.

இதைச் சொன்னா உடனே வர்ற பதில் "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு விழிப்புணர்வு இல்ல, அழகு போயிடும்னு நினைக்கிறாங்க". எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சலா வரும். பிரசவ வார்டுல போய் யாரை வேணா கேட்டுப் பாருங்க, சீம்பால் குடுக்கணும், ஆறு மாசத்துக்கு தண்ணிகூட குடுக்கக் கூடாதுன்னு மனப்பாடமா சொல்லுவாங்க, அந்த அளவுக்கு சுவர்ல எழுதியாச்சு, ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் வாரமும் பேரணி, கோலப்போட்டி, பேனர் எல்லாம் நடத்தியாச்சு. கொடுக்கணும்னு ஆசைப்படுற பொண்ணுக்கு கொடுக்க முடியாமப் போற நேரத்துல பக்கத்துல ஆள் இல்ல, அதுதான் பிரச்சனை. அந்த நேரம் எதுன்னு தெளிவா தெரியும், கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் வருது. குழந்தை பொறந்த மூணாவது நாள்ல இருந்து ரெண்டாவது வாரம் முடியிற வரைக்கும்.

முதல் ரெண்டு நாள் வர்ற சீம்பால் ரொம்பக் கொஞ்சம், ஒரு தடவைக்கு சில மில்லிதான். குழந்தைக்கும் அவ்ளோதான் தேவை. ஆனா பார்க்குறவங்களுக்கு அது "ஒண்ணுமே வரல" மாதிரிதான் தெரியும். நஞ்சுக்கொடி வெளிய வந்த பிறகு உடம்புல புரோஜெஸ்ட்டிரான் குறைஞ்சு, ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள பால் நல்லா இறங்க ஆரம்பிக்கும், சிசேரியன் ஆனவங்களுக்கும் முதல் குழந்தைக்காரங்களுக்கும் இன்னும் கொஞ்சம் லேட் ஆகலாம். அதுக்குள்ள குழந்தையோட எடை கொஞ்சம் குறையும், பொறந்த எடைல 7% வரைக்கும் குறையறது சகஜம், 10% தாண்டினா கண்டிப்பா பார்க்கணும், பத்து பதினாலு நாள்ல பழைய எடைக்குத் திரும்பிடும். பால் இறங்குற அன்னைக்கு மார்பு கல்லு மாதிரி கட்டிக்கும், ஜுரம் வர்ற மாதிரி இருக்கும், இறுகிப் போனதால காம்பு தட்டையாகி குழந்தையால வாய்ல பிடிக்க முடியாது, பிடிக்க முடியலன்னா பால் வெளிய போகாது, போகலன்னா இன்னும் இறுகும், குழந்தை வீல்னு கத்தும், அம்மாவுக்கு தையல் வலி, தூக்கம் இல்ல, மணி ராத்திரி ரெண்டு.

இப்போ டிஸ்சார்ஜ் கணக்கைப் பாருங்க. சுகப்பிரசவம்னா அரசு ஆஸ்பத்திரில ரெண்டு மூணு நாள்ல அனுப்பிடுவாங்க. அதாவது பால் கட்டுற அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு ஆட்டோல வீட்டுக்குப் போயிட்டிருப்பா. சிசேரியன்னா அஞ்சு நாள், ஒரு வாரம்னு வைப்பாங்க, அங்கயும் ராத்திரி ட்யூட்டில ஒரு சிஸ்டர் வார்டு முழுக்கப் பார்க்கணும், பிரஷர் பார்க்கணும், ட்ரிப்ஸ் மாத்தணும், அதுக்கு நடுவுல ஒருத்தர் பக்கத்துல இருபது நிமிஷம் உக்காந்து குழந்தை வாயைத் திறந்து எப்படிப் பிடிக்க வைக்கிறதுன்னு சொல்லித்தர நேரம் எங்க? போஸ்டரைப் பார்த்து யாரும் நீச்சல் கத்துக்க முடியாது இல்லையா.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன இருக்குன்னு பார்த்தா, காகிதத்துல நிறைய இருக்கு. பச்சிளம் குழந்தைக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டப்படி ஆஸ்பத்திரில பொறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆவது நாள்னு ஆறு தடவை வீட்டுல போய்ப் பார்க்கணும். மத்த மாநிலங்கள்ல இதை ஆஷா பணியாளர் (அந்தந்த ஊர்லயே இருக்குற சுகாதாரப் பணிப் பெண்) செய்வாங்க. தமிழ்நாட்டுல ஆஷா எல்லா ஊர்லயும் கிடையாது, மலைப்பகுதி மாதிரி இடங்கள்லதான், மத்த இடத்துல இது கிராம சுகாதார செவிலியர் தலைலதான் விழுது, நம்ம பாஷைல சொன்னா விஎச்என் அக்கா. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு சுமார் 5,000 ஜனம், மாநிலம் முழுக்க 8,713 துணை நிலையம். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை, மகப்பேறு உதவித்தொகைக்கான பேப்பர், கேம்ப், மீட்டிங்னு அவங்க ஓடுற ஓட்டத்துல மூணாவது நாள் வீட்டு விசிட்னா பல நேரம் ஒரு போன் கால், "பாப்பா பால் குடிக்குதாம்மா?" "குடிக்குதுக்கா", டிக். நான் அந்த அக்காங்களைக் குறை சொல்லல, அவங்க இடத்துல யாரா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க.

இதுல நம்ம ஊருக்கே உள்ள ஒரு சிக்கல் இருக்கு, திட்டம் போடுறவங்க இதை ஏனோ பெருசா கண்டுக்கிறதே இல்ல. தலைப்பிரசவம்னா அம்மா வீடு. ஏழாவது மாசமோ ஒன்பதாவது மாசமோ வளைகாப்பு முடிச்சு பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கர்ப்பத்தைப் பதிவு பண்ணி பிக்மி நம்பர் (அரசோட கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கினது புருஷன் ஊர்ல, பிரசவம் வேற ஊர் ஆஸ்பத்திரில, குழந்தையோட முதல் மூணு மாசம் அம்மா ஊர்ல. பார்க்க வேண்டிய விஎச்என் யாரு? பதிவு பண்ணின ஊர் அக்காவுக்கு அந்தப் பொண்ணு ஊர்ல இல்ல, அம்மா ஊர் அக்காவோட லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரே இல்ல. ரெண்டு பேரும் நடுவுல விட்டுடுறாங்க. அப்புறம் அந்தக் குழந்தையை சுகாதாரத்துறை ஆள் ஒருத்தர் நேர்ல பார்க்குறது எப்போன்னா 45ஆவது நாள் ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு தூக்கிட்டு வரும்போதுதான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். பவுடர் டப்பா ரெண்டாவதோ மூணாவதோ ஓடிட்டிருக்கும்.

டப்பா எப்படி வருதுன்னு ஒரு நிமிஷம். குழந்தை ராத்திரி கத்துது, வந்து பார்க்குற அத்தனை பேரும் "பால் பத்தல போலருக்கே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறாங்க, மறுநாள் காலைல அப்பா மெடிக்கல்ல ஒரு டப்பா வாங்கிட்டு வர்றாரு. ஒரு பாட்டில் குடிச்சதும் குழந்தை மூணு மணி நேரம் தூங்குது. எல்லாருக்கும் நிம்மதி, "பார்த்தியா, பசிதான்". ஆனா மார்பு வேலை செய்யிற விதம் வேற, குழந்தை எவ்ளோ உறிஞ்சி எடுக்குதோ அவ்ளோதான் அடுத்து சுரக்கும், உள்ள பால் தேங்கி நின்னா உடம்பு தானா உற்பத்தியைக் குறைச்சிடும். பாட்டில் குடிச்ச அந்த மூணு மணி நேரம் உடம்புக்கு "இவ்ளோ வேண்டாம்"னு போன செய்தி. ரெண்டு வாரம் இப்படிப் போனா நிஜமாவே பால் பத்தாமப் போயிடும், அப்போ எல்லாரும் சொன்னது உண்மைன்னு ஆயிடும். குழந்தை கத்தின முதல் நாளே விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து குழந்தையை மடியில கிடத்தற விதத்தை மாத்தி, வாயை நல்லா அகலமாத் திறக்க வெச்சு, காம்பு மட்டும் இல்லாம சுத்தி இருக்குற கருப்பு வட்டமும் வாய்க்குள்ள போற மாதிரி பிடிக்க வெச்சு, தாடை மார்புல ஒட்டுதா, கீழ் உதடு வெளிய மடங்கியிருக்கான்னு பார்த்துட்டு, "ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை குடுங்க, அஞ்சாவது நாளுக்கு மேல ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போனா பால் பத்துதுன்னு அர்த்தம்"னு சொல்லியிருந்தா கதையே வேற. முக்கால் மணி நேர வேலை. காம்பு உள்ள போயிருந்தா பத்து மில்லி சிரிஞ்சோட முனையை வெட்டிட்டு பிஸ்டனை அந்தப் பக்கமா திருப்பிப் போட்டு மெதுவா இழுத்து சரிபண்றதுன்னு ஒரு வித்தை நம்ம அரசு ஆஸ்பத்திரி சிஸ்டர்ஸ் பலருக்கும் தெரியும், செலவு பத்து ரூபாகூட இல்ல. வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

இப்படி ஆள் வந்து பார்த்தா வித்தியாசம் தெரியுமான்னு கேட்டா, நல்லாவே தெரியுது, இது ஆசையில சொல்ற பேச்சு இல்ல. டாக்காவுல பண்ணின ஒரு ஆய்வு 2000ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு பத்து நாள் ட்ரெய்னிங் குடுத்து, கர்ப்பத்துல இருந்து அஞ்சாவது மாசம் வரைக்கும் 15 தடவை வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. அஞ்சாவது மாசத்துல தாய்ப்பால் மட்டும் குடுத்தவங்க அந்தப் பக்கம் 70%, ஆள் போகாத பக்கம் 6%. மெக்சிகோ சிட்டில 1999ல இதே மாதிரி ஒண்ணு, அங்க எத்தனை தடவை போறதுன்றதையே சோதிச்சாங்க: ஆறு விசிட் போன வீடுகள்ல மூணாவது மாசம் 67%, மூணு விசிட்னா 50%, போகாத வீடுகள்ல 12%. ஹரியானாவுல அங்கன்வாடி, தடுப்பூசி நாள்னு ஏற்கனவே இருக்குற வழிகள்லயே ஆலோசனையைச் சேர்த்துப் பார்த்தாங்க, 2003ல வந்த முடிவுப்படி மூணாவது மாசத்துல ஆலோசனை சேர்த்த பக்கம் 79%, சேர்க்காத பக்கம் 48%. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா டாக்காவுல ஜெயிச்சது டாக்டர் இல்ல, நர்ஸ்கூட இல்ல, தானும் பால் குடுத்து வளர்த்த பக்கத்துத் தெரு அக்காங்க.

நம்மகிட்ட ஆள் இல்லையான்னா, இருக்கு. ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேல அங்கன்வாடி மையம், மக்களைத் தேடி மருத்துவத்துக்காக பிரஷர், சுகர் மாத்திரை எடுத்துக்கிட்டு வீடு வீடா போற பெண் தன்னார்வலர்கள், மகளிர் குழுக்கள். தாத்தாவுக்கு சுகர் மாத்திரை குடுக்க வீட்டுக்கு வர்ற அக்கா அதே வீட்டுல பத்து நாள் குழந்தையை வெச்சிட்டு அழுதிட்டிருக்குற பொண்ணைக் கண்ணால பார்த்துட்டுதான் போறாங்க, ஆனா அது அவங்க லிஸ்ட்ல இல்ல. அவங்கள்ல ஒரு ஊருக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து ஒழுங்கா ட்ரெய்னிங் குடுத்து, ஒரு விசிட்டுக்கு இவ்ளோன்னு காசும் குடுத்தா (சேவைன்னு சொல்லி சும்மா வேலை வாங்குறது வேண்டாம், பெண்கள் வேலைனாலே இலவசம்னு நினைக்கிற வியாதி நம்ம அரசாங்கங்களுக்கு உண்டு) பாதி ஓட்டை அடைஞ்சிடும். மீதிக்கு, டிஸ்சார்ஜ் பண்றப்போ "எந்த ஊருக்குப் போறீங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டு அந்த ஊர் விஎச்என் போனுக்கு மெசேஜ் போற மாதிரி வைக்கணும். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே பிக்மி நம்பர் கேட்குறாங்க, அதாவது ஒவ்வொரு பிரசவமும் கம்ப்யூட்டர்ல இருக்கு. அட்ரஸ் மட்டும்தான் தப்பு.

அப்புறம் புதன்கிழமை. நம்ம ஊர்ல தடுப்பூசி நாள் புதன்தான்னு எல்லாருக்கும் தெரியும். ஊசிக்கு வர்ற அன்னைக்கே ஒரு ஓரமா ஸ்க்ரீன் கட்டி, ரெண்டு நாற்காலி, ஒரு எடை மிஷின், ட்ரெய்னிங் எடுத்த ஒரு ஆள்னு வெச்சு, ஊசி இருந்தாலும் இல்லாட்டியும் குழந்தையைத் தூக்கிட்டு வாங்கன்னு சொன்னா போதும். பெரும்பாலான அம்மாக்களுக்குத் தேவை மருந்து இல்ல, குழந்தையை எடை போட்டுக் காட்டி "இருநூறு கிராம் ஏறியிருக்கு, உன் பால்ல ஏறினது"ன்னு மாமியார் காதுல விழற மாதிரி சொல்ல ஒரு ஆள்தான்.

மாமியார், அம்மா, பாட்டி விஷயத்துக்கு வருவோம். திட்டங்கள்ல இவங்களை வில்லியா காட்டுறது ஒரு பழக்கம். சேனை வைக்கிறது (பொறந்ததும் நாக்குல இனிப்பு தொட்டு வைக்கிறது), சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், வசம்பு, கிரைப் வாட்டர்னு பட்டியல் போட்டு "மூடநம்பிக்கை"ன்னு முடிச்சிடுறாங்க. அதெல்லாம் தப்புதான், சந்தேகமே இல்ல, கழுதைப்பால் காய்ச்சாம ஊத்துறது ஆபத்து. பிள்ளை பெத்தவ தண்ணி நிறைய குடிக்கக்கூடாதுன்னு தடுக்குறதும் கெடுதல். ஆனா அந்தக் குழந்தையை ராத்திரி தோள்ல போட்டு ஆட்டுறதும், பூண்டு உரிச்சு, பால்சுறா புட்டு பண்ணி, முருங்கைக்கீரை வதக்கி நேரத்துக்கு சாப்பாடு போடுறதும் அதே பாட்டிதான். சங்கு, பாலாடைன்னு நம்ம பாட்டிங்க வெச்சிருந்த சாமானைத்தான் இன்னைக்கு இந்தியா முழுக்க பச்சிளம் குழந்தை வார்டுல பாட்டிலுக்குப் பதிலா வெச்சிருக்காங்க, குறைமாசக் குழந்தைக்கு கறந்த பாலைப் புகட்ட. மல்லிகைப்பூவை மார்புல கட்டினா பால் வத்தும்ங்கிற கைவைத்தியத்தை மாத்திரையோட ஒப்பிட்டு 1988ல ஒரு மருத்துவ இதழ்ல ஆய்வே வந்திருக்கு. அதனால பாட்டியை வெளிய நிக்க வெச்சிட்டு பொண்ணுக்கு மட்டும் கவுன்சிலிங் குடுக்குறது வேஸ்ட். வீட்டுல முடிவெடுக்குறது யாருன்னு தெரிஞ்சும் அவங்ககிட்ட பேசாம வந்தா அடுத்த வேளையே சர்க்கரைத் தண்ணி போயிடும்.

முதல் ஒரு மணி நேரம் தவறிப்போறதுக்குக் காரணம் வீடு இல்ல, ஆஸ்பத்திரி. அதே 2019-21 ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 44.9% பிரசவம் சிசேரியன், தனியார்ல மட்டும் எடுத்தா சுமார் 64%, அரசு ஆஸ்பத்திரில சுமார் 36%. முதுகுல ஊசி போட்டுதான் பெரும்பாலும் ஆபரேஷன், அம்மா முழிச்சுதான் இருக்கா, குழந்தையை அவ நெஞ்சு மேல போட்டு அங்கயே பிடிக்க வைக்க முடியும். ஆனா நடக்குறது என்ன, துடைச்சு, துணியில சுத்தி, வெளிய நிக்கிற சொந்தக்காரங்க கையில குடுத்துட்டு பாப்பா என்னன்னு சொல்லிட்டுப் போவாங்க, அம்மா தையல் முடிஞ்சு ரெக்கவரி ரூம்ல கிடந்து வார்டுக்கு வர மூணு நாலு மணி நேரம். அதுக்குள்ள "குழந்தை பசில இருக்கு"ன்னு டப்பா எழுதிக் குடுத்தாச்சு. 2016ல தாய்ப்பாலுக்காக மத்திய அரசு கொண்டுவந்த 'மா' திட்டமும், அதுக்கு ரொம்ப முன்னாடி 1991ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆரம்பிச்ச குழந்தை நேய மருத்துவமனைத் திட்டமும் இதைத்தான் கத்திச் சொல்லுது. ஆபரேஷன் தியேட்டர்ல குழந்தையைப் பார்த்துக்க ஒரு சிஸ்டரைக் கூடுதலா போட்டா போதும், கட்டடம் வேண்டாம், மிஷின் வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் நம்பரை வெளிய ஒட்டணும், போன மாசம் இத்தனை சிசேரியன், அதுல முதல் மணி நேரத்துல பால் குடிச்சது இத்தனைன்னு. தனியாரும் ஒட்டணும்.

டப்பா பாலுக்கு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1992லயே சட்டம் வந்தாச்சு, 2003ல இன்னும் இறுக்கி, ரெண்டு வயசு வரைக்குமான எந்த சிசு உணவுக்கும் விளம்பரம் கிடையாது, ஃப்ரீ சாம்பிள் கிடையாது, டாக்டருக்கு கிஃப்ட்டும் கிடையாதுன்னு இருக்கு. இந்தச் சட்டம் டப்பா விக்கிறதைத் தடுக்கல, அது சரிதான், ஏன்னா நிஜமாவே தேவைப்படுற குழந்தைங்க இருக்கு. அம்மா இல்லாத குழந்தை, அம்மா கடுமையான சிகிச்சைல இருக்குற குழந்தை, எவ்ளோ முயற்சி பண்ணியும் பால் போதுமான அளவு வராதவங்கன்னு ஒரு சின்ன பங்கு எப்பவும் உண்டு. குழந்தை சோர்ந்து போய் எழுப்பினாலும் எந்திரிக்காம இருந்தாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ, மஞ்சள் கூடிட்டே போனாலோ, ரெண்டு வாரம் ஆகியும் பொறந்த எடைக்குத் திரும்பலன்னாலோ வீட்டு வைத்தியம் பார்த்துட்டு உக்காந்திருக்காம உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும், அங்க கூடுதல் பால் குடுக்கச் சொன்னா குடுக்கணும். அதுக்காக ஒரு பொண்ணைக் குற்றவாளி மாதிரி பார்க்குற வேலையை சில தாய்ப்பால் ஆதரவாளர்களே பண்றாங்க, அது உதவி இல்ல.

நாம பெருமையா சொல்லிக்கிற ரெண்டு விஷயம் உண்டு, ரெண்டும் 2015ல வந்தது. ஒண்ணு பஸ் ஸ்டாண்டு பாலூட்டும் அறை, ஒரே நேரத்துல முந்நூத்தைம்பதுக்கு மேல திறந்தாங்க. யோசனை அருமை, இப்போ நிலைமை ஊருக்கு ஊர் வேற, சில இடத்துல சுத்தமா ஃபேனோட இருக்கு, சில இடத்துல பூட்டு, சாவி யார்கிட்டன்னு கேட்டா டைம் கீப்பர் ஆபீஸ்னு கை காட்டுவாங்க, குழந்தை கத்திட்டிருக்கும்போது எந்தப் பொண்ணு போய் சாவி கேட்பா? இன்னொண்ணு தாய்ப்பால் வங்கி. ஆசியாவிலேயே முதல்ல மும்பை சயான் ஆஸ்பத்திரில 1989ல வந்தது, நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல எழும்பூர், மதுரை, கோவை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், தேனின்னு ஆரம்பிச்சாங்க. தானமா வாங்கின பாலை 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடுபண்ணி உறைய வெச்சு குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடுக்குறாங்க. உயிர் காக்குற வேலை அது, ஆனா அது ஐசியூ குழந்தைக்கு, வீட்டுல பால் கட்டி தவிக்கிற அம்மாவுக்கு இல்ல. இந்த இடைவெளில வியாபாரமும் நுழைஞ்சுது, 2024 மே மாசம் தாய்ப்பாலைக் காசுக்கு விக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பவும் சொன்ன கையோட சென்னை மாதவரத்துல ஒரு கடைக்கு சீல் வெச்சாங்க. 2017ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல மெடிக்கல் காலேஜ்ல பெரிய மையம், மாவட்ட அளவுல அடுத்தது, பிரசவம் நடக்குற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்ன பாலூட்டல் உதவிப் பிரிவுன்னு மூணு அடுக்கு இருக்கு. நம்ம பேச்செல்லாம் மேல் அடுக்கைப் பத்தி, காசு கம்மியா ஆகி பலன் நிறைய குடுக்குறது கீழ் அடுக்கு.

வேலைக்குப் போறவங்க கதை தனி. 2017 சட்டத் திருத்தத்துல 26 வாரம் லீவ், 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தா குழந்தைக் காப்பகம்; குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் தினம் ரெண்டு பாலூட்டும் இடைவேளை அதுக்கு முன்னாடியே சட்டத்துல இருக்கு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021ல இருந்து 12 மாசம். நல்ல விஷயம். ஆனா சித்தாள் வேலை, வீட்டு வேலை, பீஸ் ரேட்டுக்கு தையல், செங்கல் சூளைன்னு போறவங்களுக்கு லீவ் குடுக்க முதலாளின்னு ஒருத்தர் இருக்காரா முதல்ல? மூணாவது மாசமே கிளம்பிடுவாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல பணமும் பொருளுமா வர்ற 18,000 ரூபாயை ஆறு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 3,000, அதை நம்பி யாராலயும் வீட்டுல உக்கார முடியாது. இவங்களுக்கு இப்போதைக்கு உடனே செய்யக்கூடியது கையால பாலைக் கறந்து வைக்கக் கத்துக்குடுக்குறது. பம்ப் வேண்டாம், சுத்தமா கழுவின ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும், நம்ம வெயிலுக்கு வெளிய வெச்சா நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜ்னா நாலு நாள், பாலாடையிலயோ ஸ்பூன்லயோ பாட்டி புகட்டலாம். இதை வேலைக்குப் போற முந்தின நாள் சொல்லி பிரயோஜனம் இல்ல, முதல் மாசத்துலயே பழகணும், அதுக்கும் அந்த வீட்டுக்கு ஒரு ஆள் போயாகணும்.

உங்க வீட்டுல இப்போ யாராவது பிரசவத்துக்குக் காத்திருந்தா, எட்டாவது மாசத்துலயே தங்கப்போற ஊர் விஎச்என் நம்பரை வாங்கி, பொண்ணு இங்கதான் வரப்போறான்னு சொல்லி அவங்க லிஸ்ட்ல பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில், மருந்துச்சீட்டு எல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சிஸ்டரைப் பக்கத்துல நிக்க வெச்சு குழந்தை முழுசா ஒரு தடவை பால் குடிக்கிறதைப் பார்க்கச் சொல்லுங்க, அன்னைய எடையையும் எழுதி வாங்கிக்கோங்க. நேரம் இல்லன்னு சொன்னா "இருக்கட்டும் சிஸ்டர், நாங்க வெயிட் பண்றோம்"னு அங்கயே உக்காந்துடுங்க.